அறுபத்து நாலு நாற்காலியும் ஒரு கையெழுத்தும்

நாயைக் கொஞ்சம் கட்டிப் போடறீங்களாங்க்கா? கடிக்காதுன்னு நீங்க சொல்றீங்க. இந்த வாரத்துல பதினோரு வீட்டு வாசல்ல இதே பேச்சைக் கேட்டாச்சு. எந்த நாயும் கடிக்கலைங்க, அது வாஸ்தவம். நாயை வளக்கறவங்கதான் கடிச்சாங்க.

ஐயோ, பயந்துக்காதீங்க. நான் போலீசு இல்லை. லோன் வசூலுக்கு வந்தவளும் இல்லை. என்ற பேரு நவமணி. கோயம்புத்தூர்ல, சரவணம்பட்டியில, மேசை நாற்காலி கட்டில் எல்லாம் மாச வாடகைக்கு விடற தொழில். நீங்க தெய்வானையக்காதானே? உங்க பொண்ணு சிந்துஜாவுக்கு வேலை போட்டுத் தர்றேன்னு பணத்தை வாங்கிட்டு ஒருத்தன் ஓடிப்போனானே, நரேன்னு, அவன் ஆபீசுக்கு நாற்காலி போட்டது நானுங்க. அவன் உங்க பணத்தோட ஓடிட்டான். என்ற நாற்காலிக ஓட முடியலை. போலீசு ஆபீசைப் பூட்டி சீல் வச்சுருச்சு. பாக்கப் போனா நீங்களும் நானும் ஒரே ஆளுகிட்ட ஏமாந்தவங்க. அப்படித்தான் பாக்கோணும்.

ஒரு பேப்பர் கொண்டாந்திருக்கேன். இல்லீங்க, பொண்ணையெல்லாம் கூப்பிட வேண்டாம், பாவம், உள்ள இருக்கட்டும். நானே படிச்சுக் காட்டறேன். 'மேற்படி நாற்காலி, மேசைகளை அவற்றின் உரிமையாளரிடம் ஒப்படைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' அவ்வளவுதான். கீழ உங்க கையெழுத்து. நாளைக்குப் பத்தரைக்குக் கோர்ட்டு. புகார் குடுத்த பன்னெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டா பொருளைக் கேட்டு வாங்கிரலாம், ஒருத்தர் மாட்டேன்னாலும் கேசு முடியற வரைக்கும் உள்ளேயே கெடக்க வேண்டியதுதான்னு எங்க வக்கீல் சொல்லிட்டாரு. கேசு எப்பங்க முடியும்னு கேட்டேன். "பாப்பா என்ன படிக்குது?"ன்னாரு. இந்த வருஷந்தான் எல்.கே.ஜி. சேக்கோணும்னேன். "காலேஜ் முடிக்கறதுக்குள்ள வந்துரும்"னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. நானும் சிரிச்சு வச்சேன். வெளிய வந்து வண்டி ஸ்டாண்டுல உக்காந்துக்கிட்டேன்.

அறுபத்து நாலு நாற்காலி, முப்பத்தெட்டு மேசை. என்ற பொழப்பு அத்தனையும் அந்தப் பூட்டுக்குள்ள இருக்குது.

சரி, நீங்க வேலையைப் பாருங்க. வெங்காயத் தாள் அரியறதை ஏன் நிறுத்திட்டீங்க? இன்னொரு கத்தி இருந்தாக் குடுங்க. அட குடுங்கங்கறேன். இந்த மூட்டைக்கு ஆளு வந்து சாயங்காலம் எடை போடுவான்ல? எங்க ஊர்லயும் இதே வேலைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஒரு கூடை அரிஞ்சாத்தான் சோறு. பத்தாவது வரைக்கும் அப்படித்தான் படிச்சேன். வாய் பேசட்டும், கை சும்மா எதுக்கு இருக்கோணும்.

என்ற வீட்டுக்காரரு பேரு பூபதி. குட்டியானை வண்டி ஓட்டறாரு, வீடு மாத்தறவங்களுக்குச் சாமான் ஏத்தி எறக்கற வேலை. பாப்பா பொறந்து நாலு மாசம் இருக்கும். மேல் வீட்டுக்கு ஒரு சின்னப் புருசன் பொண்டாட்டி குடி வந்தாங்க. கம்ப்யூட்டர் வேலை. மூணு மாசத்துல பெங்களூரு போயிருவாங்களாம், அதுக்கு எதுக்குக் கட்டில் வாங்கறதுன்னு வெறுந்தரையில படுத்துக் கெடந்தாங்க. அந்தப் பொண்ணு முதுகு வலியில கண்ணு கலங்கி நிக்குது. என்ற சீர்க் கட்டிலை எடுத்துக்க கண்ணு, மாசாமாசம் எதாச்சும் குடுத்துருன்னுட்டேன். இவரு வந்து பாக்கறாரு, ரூம்பு வெறிச்சுனு கெடக்குது. "கட்டில் எங்கடி?"ன்னாரு. "வேலைக்குப் போயிருக்குது"ன்னேன்.

எங்கம்மாவுக்குச் சேதி போயி, பஸ் ஏறி வந்து வாசல்ல நின்னு பேசுனாங்க பாருங்க! "பொறந்த வீட்டுச் சீரை ஊரான் படுத்துப் பொரளக் குடுத்தவ நம்ம வகையறாவுலயே நீ ஒருத்திதாண்டி"ன்னு. "நாங்க பாயில படுத்தாலும் தூக்கம் வருதும்மா, கட்டில் மாடியில சம்பாதிச்சுக்கிட்டு இருக்குது, உனக்கென்ன வந்துச்சு"ன்னேன். கோவிச்சுக்கிட்டு ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் போயிட்டாங்க. அடுத்த மாசம் அவங்களே ஒரு பழைய மரப் பெஞ்சை ஏத்தி அனுப்பிச்சாங்க, இதுவும் போகுமா பாருன்னு.

வீடு மாத்தறவங்க வேண்டாம்னு விட்டுட்டுப் போறது எத்தனைங்கறீங்க! கால் ஆடற மேசை, கதவு சாத்தாத பீரோ, சக்கரம் ஒண்ணு போன நாற்காலி. இவரு ஏத்திட்டு வருவாரு. நான் பாப்பாவைத் தூளியில போட்டுட்டு ஸ்க்ரூ முடுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, வார்னிஷ் அடிச்சு நிறுத்துவேன். ரெண்டு வருஷத்துல நாப்பது வீடு. மூணாவது வருஷம் ஆபீசுக கேக்க ஆரம்பிச்சுருச்சு. அஞ்சு பேரு சேந்து ஆபீசு வைப்பாங்க, ஆறு மாசத்துல இருபது பேராவாங்க, இல்லைன்னா இழுத்து மூடுவாங்க. ரெண்டுக்கும் வாடகை நாற்காலிதான் தோது. எல்லா நாற்காலிக்கும் அடியில நகப்பாலிஷால ஒரு பச்சைப் பொட்டு வச்சிருவேன். அது என்ற நாற்காலின்னு அடையாளம்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், பெருமைக்குச் சொல்லலை. திரும்பி வர்ற நாற்காலியைத் தலைகீழாக் கவுத்துப் பாத்தா அந்த ஆபீசு எப்படிப்பட்டதுன்னு சொல்லிருவேன். அடியில சூயிங்கம் ஒட்டி இருந்தா வேலை இல்லாம உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். கைப்பிடி நகத்தால சுரண்டி இருந்தா மேனேஜரு மோசம். சக்கரத்துல முடி சுத்தி இருந்தா அங்க பொம்பளைப் புள்ளைக நெறைய, வாடகை நேரத்துக்கு வரும். மனுசனை மூஞ்சியைப் பாத்து நம்பக்கூடாது, நாற்காலியை எப்படி வச்சிருக்கான்னு பாக்கோணும். இவருகிட்ட இதைத்தான் அடிக்கடி சொல்லுவேன்.

அந்த நரேனு வந்தது தை மாசம். அக்கா அக்கான்னு நாலு வார்த்தைக்கு ஒருக்கா. முழுசா ஒரு மாடி எடுத்திருக்கேன், அறுபது பேரு உக்காரோணும், நாலே நாள்ல போட்டுத் தர முடியுமான்னான். அதுவரைக்கும் ஒரே எடத்துல பதினெட்டுக்கு மேல போட்டதில்லை. "முடியும் சார்"னுட்டேன். வீட்டுக்கு வந்து இவருகிட்டச் சொன்னா, "நம்மகிட்ட இருக்கறதே முப்பதுதான்டி"ங்கறாரு. என்ற சங்கிலியைக் கழட்டி அடகு வச்சு, வண்டி மேல கடன் வாங்கி, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீசை மூடறாங்கன்னு கேள்விப்பட்டு ஓடி, மொத்தமாத் தூக்கிட்டு வந்தோம். நாலு நாளும் தூக்கம் இல்லை. அப்படி ஒரு சந்தோசமுங்க.

அவன் எல்லாமே புதுசா வேணும்னான். நான்தான் வேண்டாம்னு சொன்னேன். "சார், அத்தனையும் பளபளன்னு இருந்தா நேத்துத்தான் கடை விரிச்சீங்கன்னு வர்றவங்களுக்குத் தெரிஞ்சுரும். நடுநடுவே பழசும் கெடக்கோணும். முன்னாடி சோபாவுல கைப்பிடி கொஞ்சம் தேஞ்சிருக்கோணும். போன வருஷத்துக் காலண்டரைக் கழட்டாம இந்த வருஷத்துதை அது மேல மாட்டோணும். சாமி படத்துல மாலை வாடி இருக்கோணும். அப்பத்தான் பத்து வருஷமா நடக்கற கம்பெனின்னு நம்பிக்கை வரும்"னேன். அசந்துட்டான். "அக்கா, எங்க கம்பெனிக்கு மூளையே நீங்கதான்"னான். காலண்டரு எங்க வீட்டுல இருந்துதான் போச்சு.

தொழில்னா அதுதாங்க. சும்மா நாற்காலியை எறக்கிப் போட்டுட்டு வர்றதுக்கு நான் எதுக்கு? கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடறவன் வாழைமரத்தையும் சேத்துக் கட்டறதில்லையா?

ஒரு நாள் நான் போனப்ப அவனே துணியை எடுத்து நாற்காலியைத் தொடைச்சுக்கிட்டு இருந்தான். மொதலாளி அவனே. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், இவன் தங்கமான ஆளுன்னு.

சித்திரை பொறந்து மூணாம் நாளு, வாடகை வாங்கப் போறேன், மாடிப்படியில முப்பது நாப்பது பேரு, ஒரே அழுகை. மேல போக முடியலை. போலீசு நிக்குது. "நாற்காலி என்னதுங்க, அடியில பச்சைப் பொட்டு இருக்கும் பாருங்க"ன்னு கத்தறேன். யாரும் திரும்பிக்கூடப் பாக்கலை. ஒரு பையன் மட்டும் பாத்தான். கையில வேலை ஆர்டர் பேப்பரைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பைத்தியக்காரியைப் பாக்கற மாதிரிப் பாத்தான்.

அப்ப இருந்து ரெண்டு மாசமுங்க. கையில சரக்கு இல்லை, வர்றவங்களுக்கு என்னத்தைக் குடுப்பேன்? வீட்டுல இருந்த டைனிங் டேபிளு, மிக்ஸி வைக்கற ஸ்டாண்டு, பாப்பாவோட குட்டி மேசை வரைக்கும் வாடகைக்குப் போயாச்சு. "அம்மா, எம்மேசை எங்க?"ன்னுச்சு. வேலைக்குப் போயிருக்குதுன்னு எனக்குச் சொல்ல வரலை. இவரு லோடு இல்லைன்னு வண்டியிலேயே படுத்துக் கெடக்கறாரு. சாப்பிட வாங்கன்னா வர்றாரு, போங்கன்னாப் போறாரு. நான் பேசறதுக்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசுனவருங்க அவரு. சண்டை கட்டறதுக்குக்கூட ஆளு இல்லாமப் போச்சு எனக்கு. போன வெள்ளிக்கெழமை வண்டிச் சாவியை என்ற கையில குடுத்து, "இதை எங்கயாச்சும் ஒளிச்சு வெய்யி"ன்னாரு. ஏன்னு கேட்டேன். "ஓட்டறப்ப எதிர்ல லாரி வந்தா ஒதுங்கத் தோண மாட்டேங்குது"ன்னாரு.

சாவி இதோ, பையிலதான் இருக்குது. எங்க போனாலும் கொண்டுக்கிட்டே போறேன்.

அவிநாசி ரோட்டுல ஒரு ஆபீசு, அம்பது சீட்டு, திங்கக்கெழமைக்குள்ள போட்டுக் குடுத்தா ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நாற்காலி நாளைக்கு வந்துச்சுன்னா இவரை எழுப்பிருவேன். சாமான் ஏத்தச் சொன்னா எந்திரிச்சிருவாரு, எனக்குத் தெரியும். வரலைன்னா? அதைப் பத்தி நான் யோசனை பண்ணலைங்க. யோசனை பண்ணக்கூடாதுன்னு வச்சிருக்கேன்.

அதான் வக்கீலுகிட்டப் புகார் குடுத்தவங்க பட்டியலை வாங்கிட்டுக் கெளம்பிட்டேன். பதினோரு வீடு. பல்லடத்துல ஒரு அம்மா வெளக்கமாத்தைத் தூக்கிட்டு வந்துச்சு. உடுமலையில ஒரு பெரியவரு, "நீ நாற்காலி போட்டதாலதாண்டி எம்மகன் அங்க போயி உக்காந்தான்"னு ஏசுனாரு. ஏசட்டும்னு கேட்டுக்கிட்டேன். ஒரு மணி நேரம் ஏசுவாங்க, அப்பறம் அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிரும், தண்ணி குடுப்பாங்க, கையெழுத்துப் போடுவாங்க. நாற்காலி என்ன பண்ணும், பாவம்னு சொல்லுவாங்க. நான் எங்கயும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. வக்கீலு சொல்லியிருக்காரு, "நாற்காலி வாடகைக்கு விட்டேன், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, இதைத் தவிர வாயைத் தொறக்கக் கூடாது"ன்னு.

நீங்கதான் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க.

ஏசிருங்களேங்க்கா. ஏசுனா எனக்குத் தெம்பா இருக்கும். இப்படி வெங்காயத்தையே பாத்துக்கிட்டு இருந்தா நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறேன். உங்க வீட்டை ஏன் கடைசியா வச்சேன்னு கேளுங்களேன். தூரம், அதனாலதான். வேற ஒண்ணும் இல்லை. உங்க பொண்ணை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. பச்சைச் சுடிதாரு. பையைத் தொடை மேல வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, நாற்காலி நுனியில உக்காந்திருந்துச்சு. நல்லாச் சாஞ்சு உக்காரு கண்ணு, நாற்காலி கவுந்துராதுன்னு நான்தான் ...

கத்தியை ஏன் கீழ வச்சுட்டீங்க?

ஆமாங்க. நான் அங்க இருந்தேன். ஒரே ஒரு நாளு. மாசி மாசம், ஒரு வியாழக்கெழமை. ஒரு மேசைக்கு டிராயர் இறுகிக்கிச்சுன்னு சரி பண்ணப் போனேன். முன்னாடி உக்கார்ற பொண்ணு அன்னைக்கு வரலை. "அக்கா, ஒரு ஒத்தாசை. மூணு பேரு இண்டர்வியூவுக்கு வர்றாங்க, வாசல்ல ஆளில்லைன்னா நல்லா இருக்காது, நீங்க சித்த நேரம் உக்காருங்க"ன்னான். நானும் ஸ்க்ரூ டிரைவரைப் பையில போட்டுட்டு, முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு உக்காந்தேன். பத்தாவது படிச்சவளுக்கு அந்த மாதிரி மேசைக்குப் பின்னால உக்கார ஒரு நாளு கெடைக்குதுன்னா விட்டுருவாங்களா? நீங்களே சொல்லுங்க. பேரு எழுத நோட்டை நீட்டுனேன், தண்ணி குடுத்தேன். அவ்வளவுதான். பாக்கி ரெண்டு பேரு பணம் கட்டலை, போயிட்டாங்க. உங்க பொண்ணு மட்டும் உள்ள போயிட்டு வந்து எங்கிட்ட நின்னுச்சு.

"அக்கா, நீங்க இங்க ரொம்ப நாளா வேலை பாக்கறீங்களா?"ன்னுச்சு.

நான் ஆமான்னேன். என்னன்னு சொல்றது, ஸ்க்ரூ முடுக்க வந்தேன்னா சொல்லுவாங்க?

"நல்ல கம்பெனிங்களாக்கா? எங்கம்மா தோட்டை வித்துக் குடுத்தாங்க, அதான் பயமா இருக்குது"ன்னுச்சு. "தைரியமாக் கட்டு கண்ணு, இவ்வளவு பெரிய ஆபீசு எங்க ஓடிப்போகுது"ன்னேன். திரும்ப உள்ள போயிக் கட்டிட்டு வந்து, "ரசீது குடுக்கலைங்களே"ன்னுச்சு. "ரசீது எழுதற பொண்ணு லீவு, நாளைக்கு வந்து வாங்கிக்க"ன்னேன். அவனே அப்படித்தான் எங்கிட்டச் சொன்னான். நல்ல எண்ணத்துலதாங்க சொன்னேன். அவன் நாற்காலி தொடைச்சதை நான் கண்ணால பாத்திருக்கேன்ல? வாடகையும் அஞ்சாம் தேதின்னா அஞ்சாம் தேதி. ஒரு ஆளை நம்பறதுக்கு வேற என்னங்க வேணும்?

என்னங்க்கா? மெதுவாச் சொல்லுங்க. நீங்க வாயைத் தொறந்ததே இப்பத்தான், எனக்குப் புரியலை.

உங்க வீட்டுக்காரரு நம்பலையா? எதை நம்பலை?

முன்னாடி உக்காந்திருந்த பொம்பளையை. சரி. மத்தப் பதினோரு பேரும் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்ததுல, முடி வெட்டின சின்னப் பொண்ணு ஒருத்திதான் இருந்தாள்னு இருக்குது. ஆமா, அவதான் தினமும் இருப்பா. சேலை கட்டுன பொம்பளை இருந்தாள்னு சொன்னது உங்க பொண்ணு மட்டும். ரசீது இல்லாததும் உங்க பொண்ணு மட்டும். அதனால ...

அதனால பணத்தை அங்க கட்டவே இல்லைன்னு சொல்றாரா? எவனோ ஒரு பையனுக்குக் குடுத்துட்டு, ஊரெல்லாம் ஏமாந்தப்ப நானும் ஏமாந்தேன்னு வந்து நிக்கறாள்னா? அவரு வர மாட்டேன்னதாலதான் புகார்ல உங்க பேரா? நான் என்னமோ ...

போனைப் பிடுங்கியாச்சு. வெளிய விடறதில்லை. தெனமும் வந்து கேக்கறாரு, அவன் பேரைச் சொல்லுன்னு. கேட்டுக் கேட்டு ... கையாலயா? வேண்டாங்க, சொல்ல வேண்டாம். ஆவணியில கல்யாணமா? முப்பத்தொன்பது வயசா மாப்பிள்ளைக்கு? அந்தப் புள்ளைக்கு இருபத்தொண்ணுதானேங்க!

அது என்ன சொல்லுச்சு உங்ககிட்ட? "அந்த அக்கா வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னா?

தண்ணி வேண்டாங்க. இருங்க. கொஞ்சம் இருங்க.

அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நான் அங்க உக்காந்தேன்னு வெளிய வந்துச்சுன்னா நானும் அந்தக் கம்பெனி ஆளுன்னு ஆயிரும். வக்கீலு தலை தலையா அடிச்சுக்குவாரு. நாற்காலியும் வராது, நானும் உள்ள போவேன். எனக்கு நாலு வயசுல ஒரு புள்ளை இருக்குது. வண்டியில படுத்துக் கெடக்கற மனுசன் ஒருத்தரு இருக்காரு. நான் ஒரு நாளு ஒரு நாற்காலியில உக்காந்தேன். அதுக்கு இவ்வளவாங்க?

இல்லை, நீங்க ஒண்ணும் கேக்கலை. தெரியுது. நீங்க கேக்காததாலதான் எனக்கு ...

எதுக்குப் பேனா?

போடறீங்களா? நெஜமாவா? இங்க, இந்தப் புள்ளி வச்ச எடத்துல. தெய்வானைன்னு முழுசா எழுதுங்க. ஆங். தேதி நான் போட்டுக்கறேன். பன்னெண்டு ஆச்சு. பன்னெண்டும் ஆச்சுங்க்கா!

நாலேகாலுக்குத்தான் எனக்குத் தாராபுரம் பஸ்ஸு. அவரு எத்தனை மணிக்குத் தோட்டத்துல இருந்து வருவாரு? நாலரையா? அப்ப ... அப்ப நான் கெளம்பறேன். இருங்க, அப்படிப் பாக்காதீங்க. ஞாயித்துக்கெழமை வர்றேன். நாற்காலியை எடுத்துட்டு, திங்கக்கெழமை சாமானைப் போட்டுட்டு, இல்லை, அதுக்கு முன்னால, ஞாயித்துக்கெழமையே, எங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்து அவருகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்றேன். கல்யாணம் ஆவணியிலதானே? நாளு இருக்குது. நீங்க வேணும்னா என்ற போன் நம்பரை எழுதிக்கங்க. போனு நீங்களும் வச்சுக்கறதில்லையா. சரி.

உங்க பொண்ணு நல்லாப் படிச்ச புள்ளைங்க. வேற வேலை கெடைக்கும். சரவணம்பட்டியில எனக்கு அம்பது ஆபீசு தெரியும், ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் சொன்னா நம்புவாங்க. எல்லாருமே நான் சொன்னா ...

பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறான். வர்றனுங்க்கா.

செருப்பு எங்க போச்சு? இங்கதானே விட்டேன். ஆங், இருக்குது. அந்த ஜன்னல் ஏன் சாத்திக் கெடக்குது, இந்த வேக்காட்டுல? பொண்ணு அந்த ரூம்புலதான் இருக்குதா? நான் பேசுனதெல்லாம் அதுக்குக் கேட்டிருக்குமே. கேட்டுக்கிட்டேவா இருந்துச்சு இத்தனை நேரமும்? ஒரு சத்தம் இல்லையே. என்ற குரலை அது கண்டுபிடிச்சிருக்கும். மொதல் வார்த்தையிலயே கண்டுபிடிச்சிருக்கும். ஓடி வந்து, "இவதாம்மா"ன்னு என்ற கையைப் பிடிச்சிருக்கலாம்ல? ஏன் வரலை? பயமா? இல்லை, நானாச் சொல்றனா பாக்கலாம்னு இருந்துச்சா?

ஹாரனை ஏன் இப்படி அடிச்சுக்கிட்டே இருக்கறான்? போகட்டும். போறவன் போகட்டுமே. அடுத்த பஸ்ஸு எத்தனை மணிக்கு? ஆறரையா. கோயம்புத்தூரு போயிச் சேர பத்து ஆயிரும். பாப்பா தூங்கியிருக்கும்.

அக்கா, இந்தப் பேப்பரை உங்ககிட்டக் குடுத்துட்டு உக்காரோணும், அதுதான் ஞாயம். ஆனா குடுக்க மாட்டேனுங்க. நீங்க குடுத்துட்டீங்க, நான் வாங்கிட்டேன். ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கறேன், அவரு பிடுங்கிக் கிழிச்சுப் போட்டா எனக்கு வேற நாளு இல்லை. வெக்கங்கெட்டவள்னு நெனைச்சுக்கங்க, பரவால்ல. நாளைக்கு அவரு கோர்ட்டுக்கே வந்து, இவளும் கூட்டுக் களவாணிதான்னு நின்னாலும் நிப்பாரு. நின்னா நிக்கட்டும். பத்தரைக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்குது.

கத்தியை எடுங்க. பாக்கி இருக்கறதையும் அரிஞ்சுருவோம்.

டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேக்குது. அவரா? நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. ஒண்ணும் பேசாதீங்க, இத்தனை நேரம் இருந்த மாதிரியே இருங்க. ஜன்னலை மட்டும் நான் கொஞ்சம் தெறந்து விடறேன், உள்ள இருக்கறவளுக்கு நல்லாக் கேக்கட்டும்.

வாங்கண்ணா. நான் கோயம்புத்தூருங்க. வண்டியை நிறுத்திட்டு இப்படி வந்து உக்காருங்க, ஒரு சங்கதி சொல்லோணும். உங்க பொண்ணு பாத்தேன்னு சொல்லுச்சே, ஆபீசு வாசல்ல சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருந்தாள்னு, அது நான்தானுங்க. முழுசையும் சொல்றேன். சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க கை ஓங்கக் கூடாது. என்ற மேலயும் சரி, உள்ள இருக்கற புள்ளை மேலயும் சரி.